ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பி.டி. பீரியடில் மரத்தடியை விட்டு எழுந்திருப்பதில்லை, வழி சொல்லுங்கள்

புதுவயல் பக்கத்து சயின்ஸ் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். புதுவயலுக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். 21 வருஷ சர்வீஸ். எங்கள் பி.டி. சார் கோடை விடுமுறையில் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் வாங்கிப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. அதனால் ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பி.டி. பீரியடும் என் டைம்டேபிளில் சேர்ந்துவிட்டன.

முதல் இரண்டு வாரம் எதுவும் சொல்லாமல் நின்று பார்த்தேன். வகுப்பில் 47 பேர். மணி அடித்ததும் பையன்கள் மட்டையை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஆனால் மட்டை பிடிப்பதும் பந்து போடுவதும் எப்போதும் அதே பத்துப் பதினொரு பேர்தான். மீதிப் பேர் ஓரத்தில் நிற்கிறார்கள். பந்து வந்தால் பொறுக்கிப் போடுவார்கள், வராவிட்டால் நின்றபடியே பீரியட் முடிந்துவிடும். பெண் பிள்ளைகள் 26 பேர். அதில் மூன்று பேர் எறிபந்து ஆடுகிறார்கள். மற்ற 23 பேரும் வேப்பமரத்தடி.

இரண்டாவது பெஞ்சில் உட்காரும் ஒரு பிள்ளை இருக்கிறாள். நன்றாகப் படிப்பாள். மரத்தடிக்கு வந்ததும் ஓவர்கோட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, சம்மணம் போட்டு, மடியில் சமூக அறிவியல் நோட்டை வைத்துக்கொள்வாள். “வாடா, வந்து பந்தைப் பிடி” என்று கூப்பிட்டால், “உட்கார்ந்துக்கிறோமே மிஸ்” என்பாள். அதில் அடம் இருந்தால் எனக்கு அதட்டத் தெரியும். அது கெஞ்சுகிற குரல்.

போன புதன்கிழமை கொஞ்சம் கண்டிப்பாக இருந்து பார்ப்போம் என்று எல்லாரையும் இரண்டு ரவுண்ட் ஓடச் சொன்னேன். ஆறாவது பீரியட், மதியம் இரண்டேகால் இருக்கும். அந்தப் பிள்ளை முதல் ரவுண்ட் பாதியிலேயே தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்துவிட்டாள். “நெஞ்சு படபடங்குது மிஸ்” என்றாள். கையைப் பிடித்தேன், அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது. உதடு வெளுத்துப் போயிருந்தது. வகுப்பு முடியும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவர்களுடைய அம்மாக்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் காலையில் இரண்டு மைல் நடந்து வருவார்கள், சாயங்காலம் இரண்டு மைல் நடந்து போவார்கள். வழியில் ஊருணியில் இறங்கிக் கால் நனைப்பது, இலந்தைப் பழம் பொறுக்குவது எல்லாம் உண்டு. பி.டி. பீரியடே இல்லாவிட்டாலும் அவர்கள் உடம்பு அசைந்துகொண்டுதான் இருந்தது. இப்போது வீட்டு வாசலில் ஷேர் ஆட்டோ, பள்ளி வாசலில் இறக்கம், நாலு மணிக்கு மறுபடியும் ஆட்டோ, அங்கிருந்து ட்யூஷன், வீடு திரும்ப எட்டு மணி. அரசு கொடுக்கும் சைக்கிளும் பதினோராம் வகுப்பில்தான் கைக்கு வருகிறது.

5 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது எலும்பும் தசையும் உறுதிப்படுகிற மாதிரி ஓட்டம், குதி, தாவல் இருக்க வேண்டும். அவர்கள் 146 நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய கணக்கை 2019-ல் வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுக்குள் 81 சதவீதம் பேருக்கு இந்த அளவு கிடைக்கவில்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85. படித்துவிட்டு என் வகுப்பிலும் துண்டுச்சீட்டு கொடுத்தேன். பெயர் வேண்டாம், நேற்று முழுக்க உடம்பு அசைந்ததை மட்டும் எழுதுங்கள் என்றேன். ஒரு சீட்டில், “கோலம் போட்டேன் 10 நிமிடம். ஆட்டோவுக்கு நடந்தேன் 2 நிமிடம். அவ்வளவுதான் மிஸ்” என்று இருந்தது. அந்த “அவ்வளவுதான்” எனக்கு மனசை விட்டுப் போகவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அதட்டாமல் இவர்களை எப்படி எழுப்புவது? எங்கள் கிரவுண்டில் அந்த ஒரு மரத்தைத் தவிர நிழல் கிடையாது. கையில் காசும் கிடையாது. அந்தப் பிள்ளையை இனி ஓட விடலாமா கூடாதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தேவகோட்டை பழைய பி.டி.:

டீச்சரம்மா, நான் 31 வருஷம் பி.டி.யாக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் அந்தப் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அது தெரியாமல் அவளை ஓட விடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

அடுத்தது ரவுண்ட். அதை இன்றோடு விட்டுவிடுங்கள். லேட்டாக வந்தால் ரெண்டு ரவுண்ட், ஹோம்வொர்க் எழுதாவிட்டால் நாலு ரவுண்ட், பேசினால் அஞ்சு ரவுண்ட். நானே எத்தனையோ பிள்ளைகளை அப்படி ஓட வைத்திருக்கிறேன். ஓட்டம் என்றால் தண்டனை என்று பிள்ளை மனசில் நாங்கள்தான் எழுதி வைத்தோம். எழுதி வைத்துவிட்டு, ஏன் ஓட மாட்டேன் என்கிறாய் என்று கேட்டால் அது என்ன செய்யும்? இதை நினைத்து இப்போதும் வருத்தப்படுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறுவட்டப் போட்டிக்கு ஆள் பிடிப்பதிலேயே எங்கள் காலம் போய்விட்டது. பன்னிரண்டு பேரைத் தயார் பண்ணினோம். மீதி நாற்பது பேரை உட்கார வைத்தோம். அந்த நாற்பது பேருக்கும் சேர்த்துத்தான் சம்பளம் வாங்கினோம்.

உங்களுக்கு நான் சொல்வது கோ-கோ. ஏன் என்று கேளுங்கள். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், வலை வேண்டாம். சுண்ணாம்புப் பொடி இருந்தால் கோடு போடலாம், இல்லாவிட்டால் குச்சியால் கிழிக்கலாம். துரத்துகிற அணியில் எட்டுப் பேர் நடுக்கோட்டில் குந்தியிருப்பார்கள். ஒருத்தர் இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவர் அந்தப் பக்கம். ஒன்பதாவது ஆள் ஓடுகிறவர்களைத் துரத்துவார். தனக்கு எட்டாது என்றால், குந்தியிருப்பவர் முதுகில் பின்பக்கமிருந்து தட்டி “கோ” என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துவிடுவார். தட்டு வாங்கினவர் எழுந்து பாய வேண்டும். கிளம்பின திசையிலிருந்து திரும்பக் கூடாது, நடுக்கோட்டையும் தாண்டக் கூடாது.

உங்கள் மரத்தடிப் பிள்ளைகளுக்கு இது எப்படிப் பொருந்தும் பாருங்கள். உட்கார்ந்திருப்பதும் இந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏழெட்டு வினாடிதான் ஓட்டம், உடனே குந்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மெதுவாக ஓடுகிறவள் நாலு எட்டு வைத்துவிட்டுக் “கோ” சொல்லிவிடலாம். அதை யாரும் குறையாகப் பார்க்க மாட்டார்கள், ஆட்டத்தின் சாமர்த்தியமே அதுதான். ரவுண்ட் ஓடும்போது கடைசியாக வருகிறவளை ஊரே பார்க்கும். இதில் கடைசி என்று ஒருத்தரும் கிடையாது.

முழு மைதானம் 27 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். உங்களுக்கு அது வேண்டாம். சின்னச் சின்னக் கட்டமாகக் கிழியுங்கள். ஒரு கட்டத்தில் ஆறு பேர் குந்தட்டும், ஒருத்தர் துரத்தட்டும், மூன்று பேர் ஓடட்டும். மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் மாற்றுங்கள். வெளியே நிற்கிறவர்கள் நேரம் பார்க்கட்டும், புள்ளி எழுதட்டும். பையன், பெண் தனித்தனியாக ஆடட்டும், ஆனால் பையன்களையும் விட்டுவிடாதீர்கள். ஓரத்தில் நின்று பந்து பொறுக்குகிறானே, அவனும் இந்த 23 பேரில் சேர்ந்தவன்தான்.

நிழலுக்கு மரத்தைத் தேடாதீர்கள். பொழுது மேற்கே சாய்ந்தால் கட்டடத்துக்குக் கிழக்கே நிழல் விழும். காலைப் பீரியட் என்றால் மேற்கே. உங்கள் பள்ளிக்கூடத்தில் மதியம் இரண்டரைக்கு எந்தச் சுவர் ஓரம் நிழல் இருக்கிறது என்று நாளைக்கே சுற்றிப் பாருங்கள்.


கிராம சுகாதாரச் செவிலியர்:

டீச்சர், உள்ளங்கை சில்லென்று இருந்தது, உதடு வெளுத்திருந்தது, படபடப்பு என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ரத்தசோகையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையானது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இந்தக் குறை இருந்தது. உங்கள் மரத்தடியிலும் அவள் ஒருத்தி மட்டும் இருக்க மாட்டாள். அத்தனை பேருக்கும் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழுவிடம் சொன்னாலே போதும்.

பள்ளியில் வாரத்துக்கு ஒருமுறை நீலநிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். அதைப் பிள்ளைகள் வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிற மாதிரி காட்டிவிட்டு, பாத்ரூம் பக்கம் போய்த் துப்பிவிடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால்தான் துப்புகிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேண்டாம் என்று சொல்லுங்கள். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை கூடச் சேர்ந்தால் உடம்பில் நன்றாக ஒட்டும். கறுப்பாக வெளிக்குப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தின பிள்ளைகள் நிறைய. பூச்சி மாத்திரையையும் விடக் கூடாது. ஆனால் குறை அதிகம் என்று தெரிந்தால் வார மாத்திரை காணாது, டாக்டர் தினசரி எழுதிக் கொடுப்பார்.

மாதவிலக்கு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பி.டி. சார்கள் அதைப் பேச மாட்டார்கள். அந்த மூன்று நாளும் விளையாடக் கூடாது என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. லேசாக நடந்தால், உடம்பை அசைத்தால் பலருக்கு வயிற்று வலி குறையும். ஆனால் கறை பட்டுவிடுமோ என்ற பயத்தோடு ஒரு பிள்ளை எப்படிக் குதிக்கும்? உட்கார்ந்தால் எழுந்திருக்கவே பயப்படும். ‘இன்றைக்கு நான் ஸ்கோர் எழுதுகிறேன் மிஸ்’ என்று சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டேன் என்று வகுப்பில் சொல்லிவையுங்கள். பள்ளியில் கொடுக்கிற நாப்கின் எங்கே இருக்கிறது, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும். பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள். இது மூன்றும் சரியாக இருந்தால் பாதிப் பேர் எழுந்து வருவார்கள்.


செக்காலை அம்மா:

டீச்சர், உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் பையன் காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாவது. போன வருஷம் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, “விளையாட்டுப் பீரியடுக்குப் பதிலா கணக்கு எடுங்க சார்” என்று கேட்டவளே நான்தான். எல்லாரும் கை தட்டினார்கள். மறு வாரமே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவன் காலை அஞ்சு மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் நிமிர்வான். ஆறு மாதத்தில் எடை ஏறிப்போனது. முதுகு வலி என்றான். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். கணக்கில் மார்க்கும் கூடவில்லை.

மாற்றியது எங்கள் மாமனார், பையனுடைய ஐயா. அவர் வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகிறவர். வயது 68. இந்தத் தை மாதம் “பேரனை நத்தம் வரைக்கும் கூட்டிப் போறேன், அங்க இருந்து பஸ் ஏத்தி விடுறேன்” என்றார். ரிவிஷன் டெஸ்ட் இருக்கே என்று நான் குறுக்கே நின்றேன். அவர் கேட்கவில்லை. திரும்பி வந்தவன் காலில் இரண்டு கொப்புளம். அன்றைக்கு மாதிரி அவன் பேசி நான் கேட்டதே இல்லை. வழியில் யார் பானகம் கொடுத்தது, எந்த மரத்தடியில் படுத்தார்கள், இருட்டோடு எழுந்து நடக்கும்போது ஐயா என்ன பாட்டுப் பாடினார், எல்லாம் சொன்னான். போனைக் கேட்கவே இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனுக்கு நடக்கப் பிடிக்காமல் இல்லை, தனியாக நடக்கத்தான் பிடிக்கவில்லை. இப்போது சாயங்காலம் ஐயாவும் அவனும் ஊருணியைச் சுற்றி நாலு சுற்று வருகிறார்கள், தெருவில் இன்னும் இரண்டு பையன்கள் சேர்ந்துகொள்கிறார்கள். பெண் பிள்ளைகளை வீட்டில் தனியாக அனுப்ப மாட்டார்கள் என்று தெரியும். அம்மாவோ அப்பத்தாவோ கூட வந்தால் அனுப்புவார்கள். பெற்றோர் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். என்னை மாதிரி யாராவது எழுந்து கணக்குக்குப் பீரியட் கேட்டால் நான் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்.


கண்டனூர் கபடி:

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா எனக்கு ஒரு விஷயம் உறுத்துது டீச்சர். எறிபந்து ஆடுற அந்த மூணு பிள்ளை என்ன ஆகும்? எல்லாரையும் அசைய வைக்கிறோம்னு சொல்லி, நிஜமா ஆடத் தெரிஞ்சவங்களை விட்டுடக் கூடாது. விளையாட்டுல ஜெயிச்சவங்களுக்கு அரசு வேலையில 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய வாசல். 2025-ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டியில கபடித் தங்கம் வாங்கின நம்ம பெண்கள் அணியில சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தாங்களே, அவங்களுக்கு யாரோ ஒருத்தர் தினமும் நேரம் கொடுத்துப் பழக்கினதாலதான் அங்க நின்னாங்க. நான் மாவட்டம் வரைக்கும் ஆடினவன். அதுக்கு மேல கூட்டிப் போக ஆள் இல்லாம நின்னு போனேன். அந்த வலி எனக்குத் தெரியும்.


புதுவயல் பக்கத்து சயின்ஸ் டீச்சர்:

தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். அந்த மூன்று பேரையும் பக்கத்து மேல்நிலைப் பள்ளி பி.டி. மேடத்திடம் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், சனிக்கிழமை காலையில் போய்ப் பழகுகிறார்கள். ஆனால் பள்ளியில் எனக்குக் கிடைப்பது வாரத்துக்கு இரண்டு பீரியட். அந்த நேரம் 47 பேருக்கும் சொந்தம். அதை நான் மூன்று பேருக்குக் கொடுக்க மாட்டேன். இதில் நாம் ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு நாளை மறுநாள் அழைத்துப் போகிறேன். செவிலியர் அம்மா, மிகவும் நன்றி.


புதுவயல் பக்கத்து சயின்ஸ் டீச்சர் (ஏழு வாரம் கழித்து):

என்ன நடந்தது என்று எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 8.4. நல்ல உடம்பு என்று நான் நினைத்திருந்த இன்னும் சில பிள்ளைகளுக்கும் பத்துக்குக் கீழே. டாக்டர் தினசரி மாத்திரை எழுதினார். அவள் அம்மா என்னிடம் படித்தவள்தான். “சோம்பேறின்னு திட்டிக்கிட்டே இருந்தேன் டீச்சர்” என்று சுகாதார நிலைய வராந்தாவில் நின்று அழுதாள். நானும் மனசுக்குள் அதே சொல்லைத்தான் சொல்லியிருந்தேன். மாத்திரையை இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் முன்னால் போடுகிறாள். போன வாரம் பார்த்ததில் 9.9.

பி.டி. ஐயா சொன்னபடி நிழலைத் தேடிச் சுற்றி வந்தேன். கட்டடத்துக்குக் கிழக்கே, காம்பவுண்டுச் சுவருக்கு நடுவில் ஓர் இடம். உடைந்த பெஞ்சும் பழைய ஓடும் குவிந்து கிடந்தன. மதியம் இரண்டு மணிக்கு மேல் முழு நிழல். கிரவுண்டில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் கண்ணுக்கும் அந்த இடம் படாது. அங்கே பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். அப்போதும் யாரும் செருப்பைக் கழற்றவில்லை. செருப்போடு எப்படி ஓடுவாய் என்று கேட்டதற்கு, அந்த இரண்டாவது பெஞ்சுப் பிள்ளைதான் பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். குதிகால் பக்கம் கறுப்புக் கறுப்பாக நாலைந்து புள்ளி. “நெருஞ்சி மிஸ். கிரவுண்ட் பூராவும் அதுதான். ஓரத்துல கருவை முள்ளும் கிடக்கும்.” இரண்டு வருஷமாக எங்கள் பள்ளியில் படிக்கிறாள். ஏன் விளையாட வரமாட்டேன் என்கிறாய் என்று எத்தனையோ முறை அதட்டிய நாங்கள், காலில் என்ன இருக்கிறது என்று ஒருதரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை. பையன்களில் ஆடுகிற பதினொரு பேரிடமும் ஷூ இருக்கிறது. ஓரத்தில் நிற்கிறவர்களிடம் இல்லை. இதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் இருபது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். நெருஞ்சியைக் காய் உதிரும் முன்னால் வேரோடு எடுக்க வேண்டும், சும்மா செதுக்கினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காக வரும் என்று ஒரு அப்பத்தா நின்று வேலை வாங்கினார். சாக்குச் சாக்காக அள்ளி எரித்தோம். கிழக்குப் பக்கத்துக்கு ஒரு தகப்பனார் இரண்டு டிராக்டர் செம்மண் அடித்துக் கொடுத்தார். சரளைக் கல் தெரியாமல் பரப்பி, தண்ணீர் தெளித்து, பிள்ளைகளே மிதித்து இறுக்கினார்கள்.

அங்கே நிறையக் கட்டம் கொள்ளாது, இரண்டுதான். கோ-கோவில் நடுக்கோட்டின் இரண்டு முனையிலும் நிற்கிற தூணுக்குப் பதில் மூங்கில் நட்டோம். முதல் நாள் நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு முனையில் குந்தினேன். சிரித்தார்கள், ஆனால் அந்தச் சிரிப்போடு அத்தனை பேரும் வந்து குந்திவிட்டார்கள். டாக்டர் சொன்னதால் அந்தப் பிள்ளை முதல் மூன்று வாரம் புள்ளி மட்டும் எழுதினாள். நாலாவது வாரம் குந்தினாள். முதுகில் தட்டு விழுந்தது, எழுந்தாள், நாலே எட்டு. பக்கத்தில் இருந்தவள் முதுகில் தட்டி “கோ” என்று கத்தினாள். வகுப்பில் அவள் குரல் அவ்வளவு சத்தமாக வந்து நான் கேட்டதில்லை. ஓவர்கோட் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது கழற்றினாள் என்று நான் பார்க்கவில்லை.

சரியாக வராததையும் சொல்ல வேண்டும். சாயங்கால நடை நடக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள், ட்யூஷன் நேரத்தை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. செக்காலை அம்மா எழுதியதை வாசித்தும் பார்த்தேன். மூன்று அம்மாக்கள் மட்டும் ஆட்டோவைப் பாதி வழியில் நிறுத்தி, பிள்ளைகளோடு நடக்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் இருக்கும். வாரத்துக்கு இரண்டு பீரியடை வைத்துக்கொண்டு தினம் 60 நிமிடம் என்பது எங்களுக்கு இன்னும் எட்டாத தூரம்தான். தலைமையாசிரியர் மட்டும், காலைப் பிரார்த்தனை நேரத்தில் பேச்சைக் குறைத்துப் பத்து நிமிடம் எல்லா வகுப்பும் ஸ்கிப்பிங் கயிறு ஆடட்டும் என்று சொல்லியிருக்கிறார். மற்றொரு பீரியடை கணக்கு சாருடன் மாற்றிக் காலை இரண்டாவது பீரியடாக்கிக்கொண்டேன். அவர் மறுக்கவே இல்லை. “வெளியே போய் ஆடிட்டு வந்தா மூணாவது பீரியட் தூங்க மாட்டாங்க” என்று அவரே சொன்னார்.

பையன்கள் விஷயத்தில் இன்னும் பாதிதான். ஓரத்தில் நின்றவர்களில் ஆறு பேர் காலைப் பீரியடில் தாங்களாகவே கட்டம் கிழித்து ஆடுகிறார்கள். மட்டைக்காரர்களில் ஒருவன், தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர்களிடம் வந்து கேட்டான். அவர்கள் அவனைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்துத்தான் சேர்த்தார்கள். நான் தலையிடவில்லை.

ஐயா, இப்போது ஒரு சந்தேகம். மூங்கில் இரண்டு தடவை ஒடிந்துவிட்டது. நல்ல தூண் எங்கே செய்வது, என்ன அளவு?


தேவகோட்டை பழைய பி.டி.:

டீச்சரம்மா, படித்து முடித்ததும் எழுந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். நெருஞ்சி முள் என் கிரவுண்டிலும் இருந்தது.

தூண் தரைக்கு மேலே 120-லிருந்து 125 சென்டிமீட்டர், கனம் 9-லிருந்து 10 சென்டிமீட்டர், வழவழப்பான உருளை. மேல்முனையைச் சீவிவிடக் கூடாது, தகரம், வளையம் எதுவும் போடக் கூடாது. பிள்ளைகள் அதைக் கையால் பிடித்துச் சுழன்று திரும்புவார்கள், சிலாம்பு ஏறினால் அதோடு ஆட்டத்தை வெறுத்துவிடுவார்கள். புது மரம் வாங்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டு மரச்சாமான் விற்கிற கடைகளில், இடித்த வீட்டுச் சட்டமும் கட்டையும் கிடக்கும். பர்மா தேக்கு கிடைத்தால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும். கடைசல் பட்டறையில் கொடுத்து உருட்டி வாங்குங்கள். இரண்டு அடிக்குக் குறையாமல் புதைத்து, சுற்றிலும் கல் போட்டு இடித்துவிடுங்கள்.

புதன்கிழமை ஆறாவது பீரியட் இன்னும் அதே நேரம்தானே? மதியம் தேவகோட்டையிலிருந்து புறப்பட்டால் வந்து சேர்ந்துவிடலாம். தூணை நானே பிடித்து நட்டுத் தருகிறேன். உள்ளே விடுவார்களா என்று மட்டும் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.


புதுவயல் பக்கத்து சயின்ஸ் டீச்சர்:

கேட்டுவிட்டேன் ஐயா. வரச் சொன்னார். அதே நேரம்தான், இரண்டேகால். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பிள்ளைகளை நிறுத்தி வைக்கிறேன், அங்கிருந்து பள்ளிக்கு அரைக் கிலோமீட்டர். அவர்கள் உங்களோடு நடந்து வருவார்கள்.